கேலரிக்குக் கீழே ஒரு தமிழ் வகுப்பு

எங்கள் கல்லூரிக்கு வயதாகிவிட்டது. அதைக் கொண்டாடுகிறார்கள்.

மனிதர்களுக்கு வயதானால் டாக்டரிடம் கூட்டிப்போவோம். கல்லூரிக்கு வயதானால் பெயின்ட் அடிப்போம், ஷாமியானா போடுவோம், மந்திரி ஒருவரைக் கூப்பிடுவோம். இந்த வருஷம் கூடுதலாக இன்னொன்று... ஹிஸ்டரி வால். சுவர் நீளத்துக்குக் கல்லூரியின் வரலாறு. டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு பேனல்.

பழைய மாணவர் சங்கத்துச் செயலாளர் ஹரீஷ், படிக்கும்போது எனக்கு ஒரு வருஷம் சீனியர். அட்மிஷன் நடந்துகொண்டிருந்த சமயத்தில் போன் செய்தான்.

"குரு, நீ தமிழ்ப் பத்திரிகையில எழுதறே தானே? தமிழ் டிபார்ட்மென்ட் பேனல் உனக்கு. சின்னதா எழுது. அழ வெக்காதே."

"நான் எங்கேப்பா அழ வெக்கறேன்?"

"எங்கம்மா வாரா வாரம் உன்னைப் படிச்சுட்டு மூக்கு சிந்தறாங்கப்பா."

இது பாராட்டா, புகாரா? யோசிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். வரலாறு என்று யாராவது வாயெடுத்தால் போதும், உடனே கிளம்பிப்போகச் செருப்பைத் தேடுகிற ஜாதி நான். மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினேன்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். கன்டோன்மென்ட் பக்கம், சாம்பல் நிறக் கல் கட்டடம், முன்னால் மழைமரங்கள் என்று சொன்னாலே பெங்களூர்க்காரர்கள் நாலைந்து பெயர் சொல்வீர்கள். அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்கூலாகத்தான் அது ஆரம்பித்தது. அப்புறம் காலேஜ். ஆரம்பத்தில் டிகிரி வாங்க மதராஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மைசூர்ப் பக்கம் திரும்பினார்கள். பெங்களூருக்கே தனிப் பல்கலைக்கழகம் வந்ததும் உள்ளூரைப் பார்த்தார்கள். அதையும் பிறகு துண்டு போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வாசலில் பெயர்ப் பலகை மாறியது. உள்ளே ஃபேன்கூட மாறவில்லை!

நான் படித்தபோது அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது லாங்வேஜ் ஹவர்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். பெங்களூர் காலேஜ்களில் பி.காம். ஒரு வகுப்பு, பி.எஸ்ஸி. ஒரு வகுப்பு என்று நாளெல்லாம் தனித்தனியாக உட்கார்ந்திருப்போம். மொழிப் பாட நேரம் வந்ததும் பெல் அடிக்கும்... அவ்வளவுதான். எல்லா வகுப்பும் உடைந்துவிடும். கன்னடம் எடுத்தவர்கள் பெரிய ஹாலுக்கு, ஹிந்தி மாடிக்கு, உருது லைப்ரரிக்குப் பின்னால், சமஸ்கிருதம் புது பிளாக்குக்கு. வராந்தா முழுக்க மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். வீட்டில் என்ன பேசுகிறார்களோ அதை வைத்துக் காலேஜே புதிதாகப் பிரிந்து உட்காரும் நேரம் அது.

தமிழ்க்காரர்கள் போக வேண்டிய இடம், ஃபிஸிக்ஸ் கேலரிக்குக் கீழே இருந்த அறை. கேலரி என்றால் சினிமா தியேட்டர் மாதிரி படிப்படியாக ஏறும் மர பெஞ்சுகள். அந்தப் படிகளின் அடிவயிற்றில்தான் எங்கள் வகுப்பு. கூரை ஒரு பக்கம் உயரமாக இருக்கும், மறுபக்கம் உட்கார்ந்தால்கூடத் தலை இடிக்கும். மேலே ஃபிஸிக்ஸ்காரர்கள் லெக்சரரைக் கலாய்க்கக் காலால் தட்டுவார்கள்... கீழே எங்கள் நோட்டுகளின் மேல் மரத்தூள் கொட்டும்.

அப்போதெல்லாம் பத்மினி மேடம் பாடத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். "ஐயா, நியூட்டன் வந்துட்டாரு. இருங்க, போகட்டும்" என்பார். தூள் அடங்கியதும் விட்ட வரியிலிருந்து தொடர்வார்.

பத்மினி மேடம்தான் தமிழ் டிபார்ட்மென்ட். மேடமும் இன்னும் சிலரும் இல்லை... மேடம் மட்டும். கெஸ்ட் லெக்சரர். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக நியமிப்பார்கள், ஒவ்வொரு ஏப்ரலிலும் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். என்னைவிட மூன்று செட் முன்னால் படித்தவர்களுக்கும் அவர்தான் தமிழ் எடுத்தார். அப்போதும் கெஸ்ட்தான்! பிரேசர் டவுனில் ஒரு சின்ன வாடகை வீடு. கணவர் இல்லை. பி.யூ.சி. படிக்கும் ஒரு மகள். இந்தச் சம்பளம் ஒன்றுதான் வீட்டுக்கு வருகிற பணம்.

நான் போன அன்று அட்மிஷன் ஹாலில் இருந்தார். மொழி வாரியாக மேஜைகள் போட்டிருந்தார்கள். அட்டையில் 'தமிழ்' என்று எழுதி மேஜையில் நிறுத்தி, பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் யாரும் இல்லை.

பக்கத்தில் சமஸ்கிருத மேஜை. அங்கே வரிசை கதவைத் தாண்டிப் போயிருந்தது. பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு வேதத்தின் மேல் திடீர்ப் பற்றா? இல்லை. அதில் பரீட்சையை இங்கிலீஷிலேயே எழுதலாம். மார்க் கொட்டும். சமஸ்கிருதத்தை இங்கிலீஷில் எழுதி முதல் மார்க் வாங்கும் அதிசயம் எங்கள் ஊரில் வருஷா வருஷம் நடக்கிறது.

"வாப்பா எழுத்தாளரே" என்றார் மேடம். "டிசி வாங்க வந்தியா, இன்னும் வாங்கலையா நீ?"

பேனல் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலரும் என்று நினைத்திருந்தேன்.

"எழுது, எழுது. நல்லா எழுது. சீக்கிரமாவும் எழுது. சாயந்திரத்துக்கப்புறம் 'இருந்தது'ன்னு எழுத வேண்டியிருக்கும்."

புரியவில்லை. விளக்கினார். இந்த வருஷம் புது விதி. பத்துப் பேர் சேராத மொழிக்கு வகுப்பு கிடையாது. வகுப்பு இல்லையென்றால் கெஸ்ட்டும் கிடையாது. இன்றைக்குத்தான் கடைசி நாள்.

"எத்தனை பேர் மேடம்?"

"ஒன்பது."

ஒன்பது! ஒரே ஒரு ஆள்! பெங்களூரில் ஒரு தமிழ்ப் பிள்ளை கிடைக்காதா? ஆட்டோவை நிறுத்தினால் தமிழ், இட்லிக் கடையில் தமிழ், அப்பார்ட்மென்ட் லிஃப்டில் தமிழ்... நான் எழுந்துவிட்டேன்.

"எங்கேப்பா போறே?"

"பத்தாவது ஆளைக் கூட்டிட்டு வரேன்."

"உக்காருப்பா" என்றார். நான் கேட்டால்தானே?

வரிசையில் நின்ற ஒரு பையனின் போனில் தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவனைப் பிடித்தேன். "தமிழ் தெரியுமா?"

"சூப்பரா தெரியும் ப்ரோ."

"அப்ப தமிழ் எடேன்."

"தெரிஞ்சதை எதுக்கு ப்ரோ படிக்கணும்?"

அவனுக்குப் பின்னால் ஓர் அப்பா. கழுத்தில் ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை. அழகான தஞ்சாவூர்த் தமிழ். "நீங்க சொல்றது ரொம்ப கரெக்ட் சார். வீட்ல நாங்க தமிழைத் தவிர வேற பேசறதே இல்ல. ஆனா மார்க் ஷீட்ல எதுக்கு சார் அது?"

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. "ஏ நித்யா, கவரை நேரா புடிடி. போட்டோ வுழுது பாரு."

கன்னட வரிசையின் கடைசியில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். ஸ்ரீராம்புரம் என்றார்கள். அம்மா சாந்தி, ஒரு பெரிய ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை. காலை ஷிஃப்ட்டை முடித்துவிட்டு யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார். நித்யா கன்னட மீடியத்தில் படித்தவள். பி.காம். கிடைத்திருந்தது. அவர்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கும் முதல் ஆள்.

நான் ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த வரலாறு முழுவதையும் அவிழ்த்துவிட்டேன். இந்தக் கட்டடத்துக்குக் கல் உடைத்தது நம் ஆட்கள், சுவர் எழுப்பியது நம் ஆட்கள், கன்டோன்மென்ட்டே நம் ஆட்கள் தோளில் நின்றது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மழைமரங்களைக்கூட விடவில்லை.

சாந்தி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கல்லு ஒடைச்சவங்க புள்ளைங்க உள்ள வந்து படிச்சுதாப்பா?" என்றார்.

நான் படித்த எந்த வரலாற்றிலும் அந்தக் கேள்வி இல்லை. ஆனால் வாய் இருக்கிறதே, அது எனக்கு முன்னால் ஓடும்.

"இப்ப வந்திருக்குதேக்கா. இதோ, உங்க பொண்ணு."

சாந்தி மகளைப் பார்த்தார். மகள் கட்டடத்தைப் பார்த்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது.

"எனக்குத் தமிழ் எழுத வராதுண்ணா" என்றாள் நித்யா. "பேசறது மட்டும்தான்."

"எங்க வகுப்புல பாதிப் பேருக்கு வராது. கன்னட எழுத்துலதான் தமிழ் நோட்ஸ் எடுப்போம். தீபாவளிக்குள்ள மேடம் எல்லாருக்கும் எழுத்து கத்துக் குடுத்துடுவாங்க."

"நிஜமாவா? எங்க தாத்தா எழுதின போஸ்ட் கார்டு ஒண்ணு இருக்கு. வீட்ல யாருக்கும் படிக்கத் தெரியல."

"அதை நீயே படிக்கலாம்."

சாந்திக்கு இன்னும் ஒரு சந்தேகம். "இது எடுத்தா வேலை சிக்குமாப்பா?"

"ஏன் சிக்காது?" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

இருவரையும் கையோடு கூட்டிக்கொண்டு தமிழ் மேஜைக்கு வந்தேன். ஏதோ கப்பலையே கரை சேர்த்தவன் மாதிரி, "மேடம், பத்து!" என்றேன்.

மேடம் நித்யாவை உட்காரச் சொன்னார். பேனாவை எடுத்தார். அப்புறம் எழுதாமல் கேட்டார்.

"கன்னடத்துல எவ்ளோம்மா மார்க்?"

"தொண்ணூத்தாறு மிஸ்."

"அடேங்கப்பா. பி.காம். முடிச்சு?"

"எஃப்.டி.ஏ. எழுதணும் மிஸ்."

எஃப்.டி.ஏ. என்பது கர்நாடக அரசு ஆபீஸ்களில் கிளார்க் வேலைக்கான பரீட்சை. அதில் கன்னடத் தாளும் உண்டு. ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகளுக்கு அது சொர்க்கவாசல்.

மேடம் பேனாவை மூடினார்.

"கன்னடமே எடும்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம்!"

"நீ சும்மா இருப்பா." குரலை உயர்த்தவில்லை. சாந்தியைப் பார்த்துப் பேசினார். "இந்த வருஷம் நான் தமிழ் எடுப்பேன். அடுத்த வருஷம் இந்தப் பத்துல ரெண்டு பேர் காலேஜை விட்டாங்கன்னா வகுப்பை மூடிடுவாங்க. நடுவுல வேற மொழிக்கு மாறணும். அது கஷ்டம்மா."

"அப்படி நடக்கும்னு என்ன மேடம் நிச்சயம்?" என்றேன்.

"நடந்திருக்கே. பிரவீனைத் தெரியுமில்ல உனக்கு, வில்சன் கார்டன் பையன்? பத்து வேணும்னு அப்ப விதியில்ல, ஆனா அப்ப இருந்த பிரின்சிபால் அம்மா வாய்லயே சொல்லிட்டாங்க. நான்தான் அவன் கிட்டப் போய், 'தமிழ் எடுடா, நல்லா இருக்கும்'னேன். அவனும் நம்பி வந்தான். ரெண்டாம் வருஷம் அந்த செட்டுக்கு மட்டும் வகுப்பை மூடிட்டாங்க. ஹிந்தியில போய் உக்காந்தான். ஒரு எழுத்து தெரியாது. இன்னைக்கு வரைக்கும் அந்த ஒரு பேப்பரை எழுதிட்டிருக்கான். டிகிரி வரல. பார்சல் டெலிவரி பண்றான். போன வாரம் என் வீட்டுக்கே பார்சல் எடுத்துட்டு வந்தான்பா. 'நல்லா இருக்கீங்களா மேடம்'னு கேட்டான்."

ஹாலில் அவ்வளவு சத்தம். சாந்தி நாற்காலியை மேஜைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"போஸ்ட் கார்டு படிக்கணும் மிஸ்" என்றாள் நித்யா, மெல்ல.

"வீட்டுக்கு வா, ஞாயித்துக்கிழமை. எழுத்து நான் சொல்லித்தரேன். அதுக்கு மார்க் ஷீட் வேணாம்."

சாந்தி எழுந்திருக்கவில்லை. மேஜையில் இருந்த அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வருஷா வருஷம் கான்ட்ராக்ட் மாறும் வேலை செய்கிறவருக்குப் புரியாதா?

"அப்ப உங்களுக்கு மேடம்?"

"எனக்கென்ன... போங்க, போங்க. கன்னட லைன் பெருசாயிட்டே போகுது."

நித்யா போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மேடத்தை இல்லை, என்னை. நான் சொன்னதில் எது பொய் என்று தேடுவது போல.

நான்கு மணிக்கு ஆபீஸ் கிளார்க் வந்தார். நல்ல மனுஷன், சங்கடத்தோடுதான் நின்றார். "ஒம்பத்தேனா மேடம்? ஆய்த்து பிடி" என்றார். ஒன்பதுதானா, போகட்டும் விடுங்கள் என்று அர்த்தம். சேர்ந்த ஒன்பது பேரையும் வேறு மொழிக்கு மாற்ற வேண்டுமாம். போன் பண்ணிச் சொல்ல ஆள் இல்லை.

"நானே சொல்லிடறேன்" என்றார் மேடம்.

ஒவ்வொருவருக்காகப் போன் செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள். ஒரு பெண் அழுதாள் போலிருக்கிறது, மேடம் ரொம்ப நேரம் சமாதானம் சொன்னார். ஒரு பையனின் அப்பா ஸ்பீக்கர் போட்ட மாதிரி சத்தமாகப் பேசினார். எனக்கே கேட்டது.

"நல்லதாப் போச்சு மேடம்! அவன் முதல்லயே சான்ஸ்கிரிட்தான் கேட்டான். நான்தான் சும்மா சென்டிமென்ட்ல..."

"சரிங்க சார். நல்லா படிக்கச் சொல்லுங்க" என்று வைத்தார்.

எனக்கு மேடத்தின் மேல் கோபம் வந்தது, மறைப்பானேன்! ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும். ஒரு வருஷத்தில் என்னென்னவோ மாறலாம். விதியே மாறலாம். அந்தப் பெண் கெட்டிக்காரி, எப்படியும் தேறியிருப்பாள்... பஸ் ஸ்டாப் வரை இப்படியே மனசுக்குள் வாதாடிக்கொண்டு போனேன். மேடத்தின் இடத்தில் இருந்தால், என் வேலையைக் காப்பாற்ற நித்யாவை நான் உட்கார வைத்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டபோது பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

பேனலை எழுதினேன். அறையின் சாய்ந்த கூரை, மரத்தூள், நியூட்டன் எல்லாவற்றையும் போட்டேன். ஹரீஷ் குதித்தான்.

"சூப்பர் குரு! இதை மட்டும் வராந்தாவுல மாட்ட வேணாம்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு. அந்த ரூம்லயே மாட்டிடலாம். லைட்டிங் எல்லாம் வெச்சு. இப்ப அது காலிதானே?"

விழா அன்று போய்ப் பார்த்தேன். தூள் விழாமல் இருக்க ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள்! நான் படித்தபோது ஒரு டியூப் லைட்டுக்கு மேடம் எத்தனை தடவை நடந்தார்... இப்போது பேனல் மேல் குட்டிக் குட்டியாக ஸ்பாட் லைட். ஏசிகூட இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மந்திரி கன்னடத்தில், தமிழும் கன்னடமும் அக்கா தங்கை என்று பேசினார். கைதட்டல்.

நம் ஊரில் ஒன்று வரலாறு ஆவதற்குப் பெரிய தகுதி எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. முதலில் அது காலியாக வேண்டும். மற்றதைக் கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்.

கூட்டத்தில் நித்யாவைப் பார்த்தேன். புது காலேஜ் பேக். கன்னட வகுப்பில் லெக்சரர் தன்னைத்தான் முதலில் படிக்கச் சொல்கிறார் என்று சந்தோஷமாகச் சொன்னாள். நன்றாகத்தான் இருக்கிறாள். மேடம் சொன்னதுதான் சரி. அது இன்னும் வலித்தது.

"ஞாயித்துக்கிழமை போறியா, எழுத்து படிக்க?"

"ரெண்டு வாரம் போனேண்ணா. 'அ'லேர்ந்து 'ஔ' வரைக்கும் ஆச்சு. அப்புறம் மேடத்துக்கு ஞாயித்துக்கிழமை லீவு இல்லாம போயிடுச்சு. ஷிஃப்ட்டாம்."

ஷிஃப்ட்டா? மேடம் விழாவுக்கும் வரவில்லை. வெளியே மழைமரத்தடியில் நின்று போன் செய்தேன்.

"எங்க மேடம் இருக்கீங்க?"

"அவுட்டர் ரிங் ரோடுல. கால் சென்டர்ப்பா. தமிழ் வாய்ஸ் பிராசஸ்னு சொல்றாங்க. பேங்க் கார்டு வெச்சிருக்கறவங்க தமிழ்நாட்டுலேர்ந்து கூப்பிட்டா நான்தான் பேசணும். கேப் வருது, சாப்பாடு போடறாங்க. கூட உக்காந்திருக்கறதெல்லாம் உன் வயசுப் பிள்ளைங்க. என்னை 'பத்து'ன்னு கூப்பிடறாங்கப்பா!"

"எப்படி மேடம் இருக்கு?"

"இப்ப டிரெயினிங். நேத்து டெஸ்ட் வெச்சாங்க. உச்சரிப்புக்கு முழு மார்க் வந்துடுச்சு. ஆனா டிரெயினர் பையன் ஒரு ரிமார்க் போட்டிருக்கான். 'தமிழ் அதிகமா இருக்கு, கஸ்டமருக்குப் புரியாது, குறைச்சுக்கணும்'னு."

உள்ளே மைக்கில் யாரோ கல்லூரியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"குறைச்சுக்கிட்டேன்னா, ஆறே மாசத்துல பர்மனென்ட் பண்ணிடுவாங்களாம்ப்பா" என்றார் மேடம்.